ஆல்-22: டிவி காட்டாத பாதி மைதானம்

2023 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பள்ளி மைதானத்தில் என் மகன் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். அப்போது பத்தாம் வகுப்பு, அணியில் கார்னர்பேக். எதிரணியில் ஆறடியைத் தாண்டிய ரிசீவர் ஒருவன் இருந்தான். என் மகனைக் கடந்து ஓடி இரண்டு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) போட்டுவிட்டான். இரண்டும் நீளமான பாஸ். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் இவன் சட்டை எண்ணைச் சொல்லி, அந்தப் பையனை வெளியே எடுங்கள் என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. அவன் அம்மா தோசை ஊற்றி வைத்தாள். ஒன்றரை தோசையோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

அந்த வார இறுதியில்தான் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 'என்எஃப்எல் பிளஸ் பிரீமியம்' சந்தாவில் சேர்ந்தேன். அப்போது மாதம் 14.99 டாலர். ஆட்டத்தை நேரலையில் பார்ப்பதற்காகச் சேரவில்லை. அதில் கிடைக்கும் 'ஆல்-22' என்ற படத்துக்காக மட்டும் சேர்ந்தேன். இந்த விமர்சனம் அந்த ஆல்-22 பற்றியது. வீட்டில் தடுப்பாட்டத்தின் பின்வரிசையில் ஆடுகிற பிள்ளை யாராவது இருந்தால், அல்லது அமெரிக்கக் கால்பந்தை வெறும் ஸ்கோராகப் பார்த்து அலுத்துப்போயிருந்தால், இது உங்களுக்கு உதவும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு அணியிலும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். அவரைப் பிடிக்கவிடாமல் தடுப்பதுதான் கார்னர்பேக்கின் வேலை. அதற்கும் பின்னால், மைதானத்தின் ஆழத்தில் காவல் நிற்பவர்கள் சேஃப்டி.

டிவியில் என்ன தெரிகிறது? கேமரா பந்தோடு போகும். பந்து ஸ்னாப் ஆனதும், அதாவது தரையிலிருந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கியதும், அவரும் அவரைச் சுற்றி முட்டிக்கொள்கிறவர்களும்தான் திரையில் இருப்பார்கள். ரிசீவரும் கார்னரும் அடுத்த நொடியே ஓரத்தில் மறைந்துபோவார்கள். அப்புறம் பந்து காற்றில் போகும்போது கேமரா திரும்பும். அப்போது நாம் பார்ப்பது, பிடிக்கிற ஒருவர், பக்கத்தில் தோற்ற ஒருவர். அவ்வளவுதான். யார் பார்த்தாலும் அந்தக் கார்னர்தான் குற்றவாளி மாதிரி தெரியும். அரங்கில் எனக்குப் பின்னால் இருந்தவர் கத்தியதில் ஆச்சரியமில்லை. அவரும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருப்பார்.

ஆல்-22 என்றால் 22 பேரும் கடைசிவரை திரையில் இருக்கும் படம். பயிற்சியாளர்கள் பார்க்கிற அதே படம். மைதானத்தின் பக்கவாட்டில் உச்சியிலிருந்து ஒரு கோணம், மைதானத்தின் கோடியில் டச்டவுன் போடும் பகுதியான எண்டு ஜோனுக்குப் பின்னால் உயரத்திலிருந்து இன்னொரு கோணம். ஒவ்வொரு டவுனையும் இரண்டு முறை பார்க்கலாம். வர்ணனை கிடையாது, கூட்டத்தின் சத்தம் கிடையாது, விளம்பரம் கிடையாது. 2012 வரை பொதுமக்களுக்கு இது கிடைக்காது. அணிகளின் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. இப்போது நம் சமையலறை மேசைக்கே வந்துவிடுகிறது.

மினசோட்டாவில் இருப்பதால் எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த ஊர் என்எஃப்எல் அணியான வைக்கிங்ஸின் ரசிகர்கள். அதனால் 2022 சீசனைத் திறந்தோம். அந்த வருஷம் எங்கள் ஜஸ்டின் ஜெஃபர்சன் 128 பாஸ் பிடித்து 1,809 யார்டு எடுத்தார். இரண்டிலும் லீக்கில் அவர்தான் முதல். அவருடைய எண் 18. அவரை எதிரணிகள் எப்படித் தடுத்தன, எப்படிக் கோட்டைவிட்டன என்று பார்த்தால் என் மகனுக்கு ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். சொந்த அணி வீரரைத் தடுக்கும் வழியைத் தேடிப் பார்ப்பது முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டம், 2022 செப்டம்பர் 11, கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக மினியாபொலிஸில். வைக்கிங்ஸ் 23, பேக்கர்ஸ் 7. ஜெஃபர்சனுக்கு 9 பாஸ், 184 யார்டு, 2 டச்டவுன். ஆல்-22-இல் அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பேக்கர்ஸிடம் ஜையர் அலெக்சாண்டர் இருந்தார். லீக்கின் சிறந்த கார்னர்களில் ஒருவர். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலும் ஜோன் முறை. அதாவது ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பது. அலெக்சாண்டர் தன் பக்கத்தில் நிற்பார். ஜெஃபர்சனை வைக்கிங்ஸ் ஓரத்தில், நடுவில், நகர்ந்தபடி என எங்கெங்கோ நிறுத்தினார்கள். அவர் எங்கே போனாலும் யாரோ ஒருவர் கையசைத்து இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைப்பு பல தடவை நடக்கவே இல்லை. 36 யார்டு டச்டவுனில் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்து அதே இரண்டு அணிகள், 2023 ஜனவரி 1, கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டில். பேக்கர்ஸ் 41, வைக்கிங்ஸ் 17. ஜெஃபர்சனுக்கு ஒரே ஒரு பாஸ், 15 யார்டு. அதே ஆள், அதே கார்னர், அதே பயிற்சிக் குழு. நான்கு மாதத்துக்குள் 184 எப்படி 15 ஆனது?

இதற்குத்தான் இந்தச் சந்தா. டிவி பதிவில் பார்த்தால் அலெக்சாண்டர் ஒரு பாஸைத் தட்டிவிட்டு, ஜெஃபர்சன் வழக்கமாக ஆடும் 'கிரிடி' நடனத்தை அவர் முன்னாலேயே ஆடிக்காட்டியது தெரியும். ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. ஒருவர் இன்னொருவரை ஜெயித்தார் என்கிற கதை. மேலிருந்து பார்த்தால் கதை வேறு. அன்றைக்கு 23-ஆம் எண் அலெக்சாண்டர் பெரும்பாலும் 18 எங்கே போனாலும் கூடவே போகிறார். அது முதல் மாற்றம். ஆனால் திரையின் மேல் பாதியைப் பாருங்கள். ஆழத்தில் ஒரு சேஃப்டி மெதுவாக 18 இருக்கும் பக்கம் சாய்ந்து நகர்கிறார். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கார்னர் அவ்வளவு தைரியமாக நெருங்கி நிற்க முடிகிறது. தலைக்கு மேலே எறிந்தால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அதனால் கீழே வரும் குட்டையான பாஸ்களை அவர் மேலே விழுந்து தடுக்கிறார்.

நானும் மகனும் அந்த ஆட்டத்தை ஒரு ஞாயிறு முழுக்க நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பந்து ஸ்னாப் ஆகும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கார்னரின் கால்களைப் பார்ப்போம். ரிசீவருக்கு உள்பக்கம் நிற்கிறாரா, வெளிப்பக்கம் நிற்கிறாரா? நெருங்கி நிற்கிறாரா, ஏழெட்டு யார்டு தள்ளி நிற்கிறாரா? அப்புறம் சேஃப்டியைப் பார்ப்போம். நடுவில் ஒருவரா, இரண்டு பக்கமும் ஒவ்வொருவரா? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கார்னர் நிற்கிற இடம் புரியும். உதவி உள்ளே இருந்தால் கார்னர் வெளியே நிற்பார். உதவி இல்லாத பக்கத்தைத்தான் அவர் தன் உடம்பால் அடைக்க வேண்டும். என் மகனுக்கு மேடன் வீடியோ கேமில் வரும் கவர் 2, கவர் 3 என்று தடுப்பு முறைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு மனிதன் ஏன் அரையடி வெளியே தள்ளி நிற்கிறான் என்பது இந்தப் படத்தில்தான் அவனுக்குப் புரிந்தது.

திடீரென்று அவன் எழுந்து போய் தன் டேப்லெட்டைக் கொண்டுவந்தான். அவன் பள்ளி ஆட்டத்தை யாரோ ஒரு பெற்றோர் அரங்கின் உச்சிப்படியில் நின்று எடுத்த பதிவு. இரண்டாவது டச்டவுனை ஓட்டினான். ஸ்னாப்பில் நிறுத்தினான். இவன் ரிசீவருக்கு வெளிப்பக்கம் நிற்கிறான். உள்ளே சேஃப்டி இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்ற கணக்கு. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பது போல் பாசாங்கு செய்கிறான். சேஃப்டிப் பையன் அதை நம்பி நாலு அடி முன்னால் வருகிறான். அந்த நாலு அடியில் உள்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டது. உயரக்காரன் அந்த வழியாகத்தான் ஓடினான்.

"அப்பா, அங்க ஆள் இருந்திருக்கணும்" என்றான்.

"ஆமாம்டா. முதல் டச்டவுனையும் போடு" என்றேன்.

முதல் டச்டவுன் அவனுடைய தப்புதான். ரிசீவரைப் பார்க்காமல் குவார்ட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறான். அதை அவனே சொன்னான். இரண்டு டச்டவுனில் ஒன்று தன்னுடையது, ஒன்று தன்னுடையது மட்டும் அல்ல என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டான். அந்தச் சேஃப்டிப் பையனும் இவனுடைய நண்பன்தான். அடுத்த நாள் இரண்டு பேரும் பேசி, ஸ்னாப்புக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொள்ள ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. ஊரில் கபடி ஆடியவன் நான். அங்கேயும் கார்னர் உண்டு, கவர் உண்டு. ரைடரின் கணுக்காலை கார்னர் தனியாகப் பிடித்தால் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போய்விடுவான். பிடித்த அதே நொடியில் கவர் வந்து மோத வேண்டும். இந்த ஆட்டத்திலும் அதே கணக்கு, மைதானம்தான் பெரிது.

மற்ற ஆட்டங்களையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 13, பஃபலோ பில்ஸுக்கு எதிராக. ஜெஃபர்சனுக்கு அன்றைக்கு 10 பாஸ், 193 யார்டு. பில்ஸ் 27-23 என்று முன்னிலையில் இருந்தபோது, நான்காவது டவுனில் 18 யார்டு தேவை. எங்கள் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் தூக்கி எறிந்தார், ஜெஃபர்சன் ஒற்றைக் கையால் பறித்தார், 32 யார்டு. எல்லாரும் அந்தக் கையை நூறு தடவை பார்த்திருப்பார்கள். பில்ஸின் கேம் லூயிஸ் கையும் பந்தில் இருந்தது. அவர் அதைப் பிடிக்கப் போனார். கீழே தட்டியிருந்தால் பந்து பில்ஸுக்கே வந்திருக்கும். நான்காவது டவுனில் பந்தைப் பிடிக்காதே, தட்டு. இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். வைக்கிங்ஸ் கூடுதல் நேரத்தில் 33-30 என்று ஜெயித்தது.

ஒரே வாரம் கழித்து, நவம்பர் 20, டாலஸ் கௌபாய்ஸ். 40-3 என்று எங்களை நொறுக்கிவிட்டார்கள். ஜெஃபர்சனுக்கு 3 பாஸ், 33 யார்டு. இந்த ஆட்டத்தைத் திறந்தால் கார்னரைப் பார்க்காதீர்கள். எண்டு ஜோன் கோணத்துக்குப் போய் முன்வரிசையைப் பாருங்கள். கசின்ஸை 7 தடவை சாக் செய்தார்கள், அதாவது பந்தை எறிவதற்குள் வீழ்த்தினார்கள். 11-ஆம் எண் மைக்கா பார்சன்ஸ் மட்டும் 2. ஜெஃபர்சன் ஓட வேண்டிய பாதையை ஓடி முடிப்பதற்குள் எறிகிறவர் தரையில் கிடந்தார். நல்ல ரிசீவருக்கு நேரம் வேண்டும். மூன்று நொடியில் கார்னரிடமிருந்து பிரிவார், நான்கு நொடி கொடுத்தால் எந்தக் கார்னரும் தாங்க மாட்டார். அந்த நேரத்தைப் பறிப்பவர்கள் 20 யார்டு தள்ளி முன்னால் முட்டிக்கொண்டிருப்பவர்கள். டிவியில் அது ஒரு தனி ஆட்டம், ரிசீவர் இன்னொரு தனி ஆட்டம். இரண்டையும் ஒரே படத்துக்குள் பார்ப்பது ஆல்-22-இல் மட்டும்தான்.

கடைசியாக நியூயார்க் ஜயண்ட்ஸ். 2022 டிசம்பர் 24 அன்று அவர்களிடம் ஜெஃபர்சன் 12 பாஸ், 133 யார்டு எடுத்தார். நாங்கள் 27-24 என்று ஜெயித்தோம். அவர்களுடைய முக்கியமான கார்னர் அடோரி ஜாக்சன் காயத்தால் அன்றைக்கு ஆடவில்லை. 2023 ஜனவரி 15 பிளேஆஃபில், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றில், அவர் திரும்பி வந்தார். ஜெஃபர்சனுக்கு 7 பாஸ், ஆனால் 47 யார்டுதான். பிடிக்கட்டும், பிடித்த இடத்திலேயே விழவேண்டும் என்கிற மாதிரி ஆடினார்கள். இதற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். எங்கள் டி.ஜே. ஹாக்கன்சன் 10 பாஸ், 129 யார்டு எடுத்தார். ஒருவரை இரண்டு பேர் பார்த்தால் வேறு எங்கேயோ ஒருவர் தடுக்க ஆளில்லாமல் நிற்பார். அதைத் தெரிந்தேதான் செய்ய வேண்டும். கடைசியில் நான்காவது டவுன், 8 யார்டு தேவை. கசின்ஸுக்கு நெருக்கடி, ஜெஃபர்சன் பக்கம் வழியில்லை. ஹாக்கன்சனுக்குக் குட்டையாக எறிந்தார். 3 யார்டோடு சாய்த்துவிட்டார்கள். 31-24, சீசன் முடிந்தது. அந்த ஒரு டவுனை என் மகன் திரும்பத் திரும்பப் பார்த்தான். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இந்த மாதிரி 'இவரை மட்டும் விடமாட்டோம்' ஆட்டத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் வேண்டுமென்றால் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். 2018 அக்டோபரில் கான்சாஸ் சிட்டியின் டைரீக் ஹில் அவர்களிடம் 142 யார்டு, 3 டச்டவுன் எடுத்தார். 2019 ஜனவரி 20 அரையிறுதியில் ஒரே பாஸ், 42 யார்டு. பேட்ரியட்ஸின் சிறந்த கார்னர் ஸ்டெஃபன் கில்மோரை ஹில் மேல் போடவில்லை. வேகமான ஜொனாதன் ஜோன்ஸையும் மேலே ஒரு சேஃப்டியையும் சேர்த்து ஹில்லைப் பூட்டினார்கள். மிகச் சிறந்தவருக்கு இரண்டு சாதாரண ஆள், இரண்டாவது ஆளுக்கு நம் சிறந்தவர். கேட்டால் தலைகீழாக இருக்கும், படத்தில் பார்த்தால் எவ்வளவு நியாயம் என்று தெரியும். அதிலும் கான்சாஸ் சிட்டியின் இன்னொரு ரிசீவர் சாமி வாட்கின்ஸ் 114 யார்டு எடுத்தார். கான்சாஸ் சிட்டி இரண்டாம் பாதியில் மட்டும் 31 புள்ளி. பேட்ரியட்ஸ் 37-31 என்று கூடுதல் நேரத்தில்தான் தப்பித்தது. முழுசாகப் பூட்டும் வழி யாரிடமும் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். என்எஃப்எல் விதிப்படி முதல் 5 யார்டு வரைதான் ரிசீவர் மேல் கைவைத்துத் தள்ளலாம். 1978-இல் வந்த கட்டுப்பாடு அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை வழிநெடுக அடித்துத் தள்ளியதால் அவர் பெயரிலேயே அந்த விதியைச் சொல்வார்கள். பள்ளி ஆட்டத்தில் அந்த 5 யார்டுக் கணக்கு கிடையாது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கும், அதாவது பந்து வருமுன் ரிசீவரைப் பிடிக்கவிடாமல் மறிப்பதற்கும், தண்டனை வேறு. என்எஃப்எல்லில் தப்பு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். அதனால் படத்தில் பார்த்ததை அப்படியே மைதானத்தில் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் அவன் பயிற்சியாளரைக் கேட்கட்டும்.

ஆல்-22-இல் என்ன இல்லை? எந்த ஆட்டத்திட்டம் அழைக்கப்பட்டது என்பது இல்லை. யாருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. கார்னர் விட்டுவிட்டார் என்று நாம் நினைப்போம், உண்மையில் அது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் பார்க்க வேண்டிய இடமாக இருக்கும். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு டவுனுக்கும் தீர்ப்புச் சொன்னேன். என் மகனின் பயிற்சியாளரிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேசியபோது, யார் தப்பு என்று தேடாதீர்கள், யார் எங்கே இருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றார். அதற்குப் பிறகு நான் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று, வேகம். ஒரு டவுனுக்கு இரண்டு கோணம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். போனில் பார்க்கவே வேண்டாம். 22 பேரும் எறும்பு மாதிரி தெரிவார்கள், சட்டை எண்ணைப் படிக்க முடியாது. லேப்டாப் அல்லது பெரிய திரை வேண்டும். ஆட்டம் முடிந்த உடனேயும் கிடைக்காது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பரபரப்புக்காகப் பார்ப்பவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. சத்தமில்லாத படத்தைப் பத்து நிமிஷத்தில் மூடிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் சீசன் முழுக்க வைத்திருப்போம், பிப்ரவரியில் நிறுத்திவிடுவோம். சந்தா கட்டுமுன் உங்கள் நாட்டில், நீங்கள் எடுக்கும் திட்டத்தில் ஆல்-22 சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சேர்ந்ததும் முதலில் 2023 ஜனவரி 1 பேக்கர்ஸ் ஆட்டத்தைத் திறங்கள். பக்கவாட்டுக் கோணத்தில் முதல் கால் பகுதி மட்டும் போதும். கண் தானாக 18-க்கும் 23-க்கும்தான் போகும். அதை இழுத்துப் பிடித்து, ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் 26-ஐயும் 31-ஐயும் பாருங்கள். ஸ்னாப்புக்கு முன்னால் எங்கே நிற்கிறார்கள், பந்து கையைவிட்டுப் போகும்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். பத்து டவுன் ஆனதும் அந்தத் தாளை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள்.